பெண் நாயின் கருப்பை நோய்



இரவில் காட்டுப்பன்றி அணுகாது உங்கள் தோட்டத்தைக் காக்கும் பெண் நாயைப் பற்றி இன்று சில வார்த்தைகள் கூற விரும்புகின்றேன்.

கருத்தடை செய்யப்படாத பெண் நாய்களுக்கு, சிறப்பாக வயது முதிர்ந்தவற்றுக்கு, கருப்பையிற் சீழ் கட்டும் நோய் உண்டாவதுண்டு. வேட்கைக் காலம் கழிந்து 4 முதல் 8 வாரங்களுள் இது பெரும்பாலும் தோன்றும். சினைப்படாவிடினும், அக்காலத்திற் சுரக்கும் ஓமோன் கருப்பையின் உட்சுவரைத் தடிக்கச் செய்கின்றது. உட்புகுந்த கிருமிகள் அங்கே பெருகுகின்றன.

நோயுற்ற நாய் உணவை வெறுக்கும். அளவுக்கு மிஞ்சி நீர் குடிக்கும். அடிக்கடி சிறுநீர் கழிக்கும். வாந்தி எடுத்துச் சோர்ந்து படுக்கும். பின்புறத்தால் துர்நாற்றமுள்ள சீழ் வடியலாம். வடியவில்லையென்று ஆறுதல் கொள்ளாதீர்கள். கருப்பை வாய் மூடியிருப்பின் சீழ் உள்ளே தேங்கி வயிறு பருக்கும். அதனைச் சினையென்று எண்ணிக் காலந் தாழ்த்தினால், கருப்பை வெடித்து நாய் இறக்கவுங் கூடும்.

கைமருந்து இந்நோயை மாற்றாது. அன்றே மிருக வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள். கருப்பையையும் சூலகங்களையும் அகற்றும் சத்திரசிகிச்சையே நம்பத்தக்க பரிகாரமாகும்.

வருமுன் காப்பதே மேல். குட்டி வேண்டாத நாய்க்கு இளமையிலேயே கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்வியுங்கள். வேட்கையை நிறுத்த ஏற்றும் ஓமோன் ஊசி இந்நோய்க்கு இடங்கொடுக்கும், அதனை நாடாதீர்கள். கருத்தடையினால் நாயின் காவற்குணம் குன்றுவதில்லை.