காசு என்னும் சொல்



புதுக்கோட்டைச் சீமையின் பழைய வீடுகளில், பாட்டிமாரின் பெட்டிகளில், சிறிய செப்பு நாணயம் ஒன்று இன்றும் அகப்படுவதுண்டு. அதன் ஒரு புறத்தில் அமர்ந்த கோலத்தில் அம்மன் இருக்கும். மறு புறத்தில் ‘விஜய’ என்று தெலுங்கு எழுத்தில் பொறித்திருக்கும். இதுதான் அம்மன் காசு. அம்மன் என்பது திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாள், தொண்டைமான் மன்னர்களின் குலதெய்வம். நவராத்திரி நாட்களில் ஏழை எளியோர்க்கு அரிசியோடு இக்காசையும் சேர்த்து வழங்குவது சமஸ்தான வழக்கமாக இருந்தது. ஓர் அணாவுக்கு இருபது அம்மன் காசு. ஒரு ரூபாய்க்கு முந்நூற்றிருபது. 1948 மார்ச் 3ஆம் நாள் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. அம்மன் காசும் செல்லாக் காசு ஆயிற்று.

காசு செல்லாது போயினும் சொல் செல்லாது போகவில்லை. இரண்டாயிரம் ஆண்டுகளாகச் செலாவணியில் உள்ள அச்சொல்லைப் பற்றியே இன்று உங்களோடு பேச விழைகின்றேன்.

காசு என்றதும் நமக்கு நாணயம் நினைவுக்கு வருகின்றது. சங்கப் புலவர்க்கு நினைவுக்கு வந்தது வேறு. குறுந்தொகையின் 67ஆம் பாட்டில் அள்ளூர் நன்முல்லையார் ஒரு காட்சி காட்டுகிறார். பாலை நிலத்து வேம்பின்மேல் கிளி ஒன்று அமர்ந்து, வளைந்த அலகில் வேப்பம்பழத்தைப் பற்றியிருக்கிறது. அது, புதிய நூலில் கோப்பதற்காகப் பொற்காசு ஒன்றைக் கூரிய நகத்தால் பற்றியிருக்கும் விரலைப் போல் இருக்கிறதாம். இந்த உவமையைச் சற்று நின்று பாருங்கள். வேப்பம்பழம் தட்டையானதா? உருண்டு திரண்டது. அது நூலில் கோக்கப்படுவது. ஆகவே இங்கே காசு என்றது கடையில் கொடுக்கும் நாணயத்தை அன்று. அணிகலனில் கோக்கும் பொன்மணியை. மகளிர் இடையில் அணிந்த மேகலையின் மணிகளையும் காசு என்றே பழம்பாடல்கள் கூறும். பொன்னின் சிறு துண்டு என்பதே இச்சொல்லின் பழம்பொருள் என்று கொள்ள இது இடம் தருகின்றது. இச்சொல் வடமொழியில் ஓர் எடையளவைக் குறிக்கும் ‘கர்ஷ’ என்பதிலிருந்து வந்தது என்பாரும் உளர். தமிழே என்பாரும் உளர். பொன்னை நிறுத்து வாங்கிய உலகத்தில் இரண்டுமே நடக்கக்கூடியவைதாம்.

அவ்வாறு நிறுத்து வாங்கியதற்குப் புதுக்கோட்டை மண்ணிலேயே சான்று உண்டு. ஆலங்குடி வட்டத்துக் கறுக்காக்குறிச்சியில் 1898ஆம் ஆண்டு ஒரு புதையல் வெளிப்பட்டது. அதில் இருந்தவை 501 உரோமானியப் பொற்காசுகள். அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரையிலான பேரரசர்களின் காலத்தவை. வியப்பு என்னவெனில், அவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைமீது உளிவெட்டு விழுந்திருக்கின்றது! வெட்டியது ஏன் என்பதில் ஆராய்ச்சியாளர் பல்வேறு கருத்துடையர். செலாவணியிலிருந்து விலக்குவதற்காக என்பர் சிலர். உள்ளேயும் பொன்தானா என்று பார்ப்பதற்காக என்பர் சிலர். எதுவாயினும், வெட்டியவனுக்குச் சீசரின் முகம் பொருட்டாகத் தோன்றவில்லை, பொன்னே பொருட்டு. மிளகு விற்று வந்த அந்நாணயம் அவன் கையில் மீண்டும் பொன் துண்டாகிவிட்டது.

சோழர் காலத்தில் நாணயப் பொருள் உறுதிப்பட்டுவிட்டது. நிலம் விற்றதும் விளக்குக்குக் கொடை வைத்ததும் கல்லில் காசாகவே எழுதப்பட்டன. பழங்காசு, ஈழக்காசு, அன்றாடு நற்காசு என வகைவகையாக அக்காலக் கல்வெட்டுகள் பேசும். அன்றாடு நற்காசு என்பது அன்றைக்குச் செலாவணியில் உள்ள நல்ல காசு. கெட்ட காசும் சந்தைக்கு வந்திருக்க வேண்டும் அன்றோ?

இலக்கணம் பயில்வோர் இன்னொரு காசையும் அறிவர். வெண்பாவின் இறுதிச் சீருக்கு நாள், மலர், காசு, பிறப்பு என நான்கு வாய்பாடு உண்டு. அங்கே காசுக்குப் பொருள் இல்லை; ஓசை மட்டுமே.

குற்றம் என்னும் பொருளும் இச்சொல்லுக்கு உண்டு. ‘காசறு’ என்றால் குற்றமற்ற என்பது பொருள். பொன்னுக்கும் குற்றத்திற்கும் ஒரே பெயரா என்று மயங்க வேண்டா. ஒலியால் ஒன்றுபட்ட இரு வேறு சொற்கள் இவை என்று கொள்வதே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகின்றது.

ஒலி ஒற்றுமையை நம்பிப் பலரும் வழுக்கி விழும் இடம் ஒன்று இருக்கின்றது. ஆங்கிலத்தார் கைப்பணத்தைக் ‘கேஷ்’ என்கின்றனர். அது நம் காசுதான் என்று மேடைதோறும் முழங்குகின்றோம். கைப்பணம் என்னும் பொருளில் வரும் ‘கேஷ்’, பெட்டியைக் குறிக்கும் ‘காப்சா’ என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து இத்தாலியம், பிரெஞ்சு வழியாக வந்தது. பணம் வைக்கும் பெட்டி பணத்திற்கே பெயராயிற்று. இது நம்முடையது அன்று.

ஆனால் ஆங்கிலத்தில் மற்றுமொரு ‘கேஷ்’ உண்டு. கீழைநாடுகளின் சிறு செப்பு நாணயத்திற்குப் பெயர் அது. அது நம் காசேதான்! தமிழ்க் கரையில் காசு என்று கேட்ட போர்ச்சுகீசியர் அதைக் ‘காய்ஷா’ என்று எழுதினர். ஆங்கிலேயர் அதைக் ‘கேஷ்’ ஆக்கினர். நடுவில் சதுரத் துளையுள்ள சீனத்துச் செப்பு நாணயத்தையும் ஐரோப்பிய வணிகர் இப்பெயராலேயே அழைத்தனர். சென்னையில் கும்பினியார் கணக்கும் இதில்தான் நடந்தது: எண்பது காசு ஒரு பணம், நாற்பத்திரண்டு பணம் ஒரு நட்சத்திர வராகன். 1818இல் ரூபாய் முறை வந்தபின் அக்கணக்கு மறைந்தது. பிறருடைய பெட்டியை நமது என்று உரிமை பாராட்டும் ஆர்வத்தில், நமக்கே உரிய இந்தச் செப்புக்காசை நாம் கீழே தவற விட்டுவிட்டோம்.

மேலே சொன்ன கணக்கில் பணம் என்பதும் ஒரு நாணயத்தின் பெயராகவே வருவதைக் கவனித்திருப்பீர்கள். தமிழகத்தில் அப்பெயர் பொதுச்செல்வத்திற்கு உயர்ந்தது. காசு பைசாவுக்கும் சில்லறைக்கும் இறங்கியது. யாழ்ப்பாணத்திலோ எத்துணைப் பெருந்தொகையும் காசுதான்.

மணியாக இருந்த காசும் முற்றும் மறைந்துவிடவில்லை. அது காசுமாலையில் இருக்கின்றது. உங்கள் வீட்டில் பாட்டியின் காசுமாலை இருக்குமாயின் ஒருமுறை கேட்டு வாங்கிப் பாருங்கள். அதில் கோத்திருப்பவை ஒரு காலத்தில் கைமாறிய நாணயங்களா, அல்லது நாணயம்போல் தட்டிய பொன் வில்லைகளா என்று கண்டுகொள்ளலாம்.