தலைப்படை: வெட்கம் வேண்டாம், வைத்தியம் வேண்டும்

(ஆலயத் திருவிழா ஏற்பாட்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



முடி காணிக்கை செலுத்த வருவோருக்கான ஏற்பாடுகளைப் பற்றி இதுவரை பேசினோம். அதையொட்டி, தலையில் வரும் படையைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன். மலாய்க்காரர்கள் 'குராப்' என்பது இதைத்தான்.

நான் தோட்டப்பள்ளி ஆசிரியராக இருந்த காலத்தில், தலையில் படை கண்ட மாணவனைக் கடைசி வரிசையில் தனியாக உட்கார வைப்பேன். அழுக்குப் பிள்ளைகளுக்கு வரும் நோய் என்பதே என் எண்ணம். பல ஆண்டுகளுக்குப் பின், அறுபது வயதைக் கடந்த என் அக்காளுக்கே அது வந்தது. உச்சந்தலையில் செதில் உரிந்து, முடி ஒடிந்து விழுந்தது. பொடுகு என்று எண்ணி எலுமிச்சம்பழம் தேய்த்தார். சீமையகத்தி இலையை அரைத்துப் பூசினார். பிறர் பேச்சுக்கு அஞ்சி, முக்காடிட்டு வீட்டிலேயே அடைந்து கிடந்தார். சீழ் கோத்து வீங்கிய பிறகே மருத்துவரிடம் போனார். நோய் தீர்ந்தது. ஆனால் தழும்பு விழுந்த இடத்தில் முடி முளைக்கவே இல்லை.

மருத்துவர் விளக்கிய பின்னரே எனக்குப் புரிந்தது. இது பூஞ்சைக் கிருமியால் வருவது. தினமும் குளிப்பவருக்கும் வரும். பெரியவர்களின் தலையில் சுரக்கும் எண்ணெய்ப்பசை இக்கிருமியை ஓரளவு தடுப்பதால், சிறுவர்களிடமே இது அதிகம். மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு அந்தப் பசை குறைகிறது. ஆகவே பாட்டிமாருக்கும் இது வரலாம். சீப்பு, துண்டு, தலையணை, முடிவெட்டும் கருவி ஆகியவை வழியாகப் பரவும். வீட்டுப் பூனையிடமிருந்தும் தொற்றும்.

கிருமி முடியின் வேருக்குள் புகுந்துவிடுவதால் களிம்பு மட்டும் போதாது. உட்கொள்ளும் மாத்திரையே இதைத் தீர்க்கும். 1950-களின் இறுதியில் கிரிசியோபல்வின் வந்தது. அதற்கு முன்பு எக்ஸ்ரே கதிர் பாய்ச்சி முடியை உதிர வைத்தார்கள். இன்று டெர்பினாபின் போன்ற மருந்துகளும் உள்ளன. பல வாரங்கள் சாப்பிட வேண்டும். அரிப்பு நின்றதும் பாதியில் நிறுத்தக் கூடாது. எது பொருந்தும் என்பதை மருத்துவரே முடிவு செய்யட்டும். உரிந்த செதிலையும் ஒடிந்த முடியையும் சோதித்து நோயை உறுதி செய்வார்கள். அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள்; தேவையானால் சிரம்பான் துவாங்கு ஜாபார் மருத்துவமனைக்கு அனுப்பி வைப்பார்கள்.

நிர்வாகத்தினருக்கு ஒரு வேண்டுகோள். மொட்டையடிக்கும்போது ஒவ்வொருவருக்கும் புது பிளேடு, தனித் துண்டு வேண்டும். தலையில் செதிலோ புண்ணோ உள்ளவர் முதலில் வைத்தியம் பார்க்கட்டும். குணமான பிறகு நேர்த்திக்கடனைச் செலுத்தலாம்.

அன்று நான் ஒதுக்கி உட்கார வைத்த பிள்ளைகள் இன்று பேரன் பேத்தி கண்டிருப்பார்கள். அவர்களில் யாரேனும் இங்கிருந்தால், இந்த ஆசிரியரை மன்னிக்க வேண்டுகிறேன். யாரையும் ஒதுக்காதீர்கள், கூட்டிக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டுங்கள்.