காற்றடைத்த சறுக்குமரமும் கட்டணச் சீட்டும்

(மாணவர் வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நகரப் பூங்காக்களில் சாதி எப்படி இயங்குகிறது என்று பேசத்தான் என்னை அழைத்தீர்கள். காற்றடைத்த சறுக்குமரத்தை வைத்துப் பேசுகிறேன் என்றதும் கூட்டத்தை ஒருங்கிணைத்த தோழர் போனிலேயே சிரித்துவிட்டார். சிரிக்கலாம், தவறில்லை. ஆனால் முனைவர் பட்ட ஆய்வுக்காகச் சென்னையின் பூங்காக்களிலும் மைதானங்களிலும் மறுகுடியமர்வுக் குடியிருப்புகளிலும் சில ஆண்டுகளாக மாலை நேரங்களைக் கழித்துவரும் எனக்கு, சாதி பற்றி அதிகம் சொல்லிக்கொடுத்த பொருள்களில் அதுவும் ஒன்று.

நீங்கள் எல்லோரும் அதைப் பார்த்திருப்பீர்கள். பொருட்காட்சியில், ஆடித் திருவிழாவில், கடற்கரையில், சில சமயம் ஞாயிற்றுக்கிழமை பூங்கா ஓரத்தில் சிவப்பும் மஞ்சளுமாக இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும். பிள்ளைகள் 'ஜம்பிங்' என்பார்கள், சில இடங்களில் 'மிக்கி மவுஸ்' என்பார்கள். பிளாஸ்டிக் பூசிய தடித்த துணிதான் அது. பின்னால் ஒரு மோட்டார் ஓயாமல் காற்றைத் தள்ளிக்கொண்டிருக்கும். பலூனைப் போல ஒருமுறை ஊதி முடிச்சுப் போடுவதில்லை. தையல் வழியாகக் காற்று கசிந்துகொண்டே இருக்கும், மோட்டார் அதை ஈடுகட்டிக்கொண்டே இருக்கும். கரண்ட் போனால் சில நிமிடங்களில் படுத்துவிடும். சுருட்டிக் குட்டியானையில் ஏற்றினால் அடுத்த ஏரியாவுக்குப் போய்விடலாம்.

மாநகராட்சிப் பூங்காவின் இரும்புச் சறுக்குமரத்தில் பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக வரிசையில் ஏறி இறங்குவார்கள். இதில் அது நடக்காது. நீங்கள் கால் வைத்தால் பக்கத்தில் நிற்கும் பிள்ளை உங்கள் மேல் சாய்கிறது. கீழே வந்து விழுந்தால் முன்னால் விழுந்தவன் மேல்தான் விழ வேண்டும். செருப்பைக் கழற்றி வெளியே போட்டுவிட்டு வெறுங்காலோடு, வியர்வையோடு, ஒருவர் தலைமுடி இன்னொருவர் வாயில் போகிற நெருக்கம். தொடாமல் விளையாட முடியாத விளையாட்டு இது. தொடுதலைக் கட்டுப்படுத்துவதையே அடிப்படையாகக் கொண்ட சமூகத்தில் அதற்கு என்ன நேர்கிறது என்பதுதான் என் கேள்வி.

ஒரு பொருட்காட்சித் திடலில் நான் கேட்டதைச் சொல்கிறேன். சறுக்குமரம் நிறையப் பிள்ளைகள். சீட்டு வாங்கிக் கையில் வைத்திருந்த ஒரு அம்மா மகனை ஏற்றவில்லை. சீட்டுக் கிழிக்கும் தம்பி "ஏத்துங்கக்கா" என்றதற்கு, "அந்தப் பசங்க இறங்கட்டும்ப்பா, அப்புறம் இவன ஏத்துறேன்" என்றார். 'அந்தப் பசங்க' என்றால் யார் என்று தம்பிக்குப் புரிந்தது, எனக்கும் புரிந்தது, அந்தப் பசங்களுக்கும் புரிந்திருக்கும். ஊரில் "எந்தத் தெரு?" என்று கேட்பார்கள். நகரத்தில் "எந்த ஏரியா?" என்கிறார்கள். சில நேரம் அந்தக் கேள்விகூடத் தேவைப்படுவதில்லை, சட்டையே சொல்லிவிடும்.

இந்தக் காற்றுப் பொம்மை பிறந்த இடத்தையும் கொஞ்சம் பார்ப்போம். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், 1950களின் இறுதியில், ஜான் ஸ்கர்லாக் என்ற பொறியாளர் உருவாக்கிய காற்று மெத்தைதான் இதன் மூதாதை என்கிறார்கள். அவர் குடும்பமே அதை வாடகைக்கு விடும் தொழிலாகவும் வளர்த்தது. அதே லூசியானாவில் அதே காலத்தில் பூங்காக்களில் என்ன நடந்தது? நியூ ஆர்லியன்ஸ் நகரப் பூங்காவைக் கறுப்பின மக்களுக்கும் திறந்துவிட வேண்டும் என்ற வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1958இல் பிரிவினைக்கு எதிராக முடிந்தது. ஆனால் அதே நகரத்தின் ஆடுபன் பூங்காவில் இருந்த நீச்சல் குளம், கறுப்பினப் பிள்ளைகளும் இறங்கும் நிலை வந்ததும் 1962இல் மூடப்பட்டது. 1969இல்தான் மறுபடி திறந்தார்கள். சொந்தப் பிள்ளைகளுக்கும் குளம் இல்லாமல் போனாலும் பரவாயில்லை என்று ஏழு கோடைகளைக் கழித்திருக்கிறார்கள்!

மிசிசிப்பியின் ஜாக்சன் நகரம் இன்னும் ஒரு படி மேலே போனது. எல்லோருக்கும் திறந்துவிடுவதைவிட மூடிவிடலாம் என்று நகராட்சிக் குளங்களை மூடியது. எல்லா இனத்தவருக்கும் சேர்த்துத்தானே மூடியிருக்கிறார்கள், இதில் பாகுபாடு எங்கே என்று 1971இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அதை ஏற்றுக்கொண்டது. சட்டம் படிக்கும் தோழர்கள் பாமர் எதிர் தாம்சன் வழக்கை எடுத்துப் பாருங்கள். பொது இடத்தை இல்லாமல் ஆக்குவதும் தீண்டாமையின் ஒரு வடிவம் என்பதை அந்தத் தீர்ப்பு காண மறுத்தது. மார்ட்டின் லூதர் கிங் 1963இல் பர்மிங்காம் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில், டிவி விளம்பரத்தில் பார்த்த கேளிக்கைப் பூங்காவுக்கு ஏன் போக முடியாது என்று கேட்கும் ஆறு வயது மகளைப் பற்றி எழுதியிருக்கிறார். அவ்வளவு பெரிய போராட்டத்தின் நடுவே ஒரு குழந்தையின் விளையாட்டு அவருக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

நம்முடைய முன்னோர்களுக்கும் தெரியவில்லை. 1924இல் சென்னை சட்டமன்றத்தில் ரெட்டமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானத்தைச் சாலைக்கும் கிணற்றுக்குமான தீர்மானமாக மட்டுமே நினைவில் வைத்திருக்கிறோம். பொதுமக்கள் கூடும் இடங்களும் அதில் உண்டு. மகாடில் 1927இல் பாபாசாகேப் குளத்து நீரை அள்ளிக் குடித்தது தாகத்துக்காக அல்ல என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவைப் பாருங்கள். கடை, உணவகம், விடுதி ஆகியவற்றோடு பொதுப் பொழுதுபோக்கு இடங்களையும் சேர்த்து, மதம், இனம், சாதி, பாலினம், பிறப்பிடம் காரணமாக யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. பசியும் வேலையும் போலவே கேளிக்கையும் உரிமைக் கணக்கில் வரும் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் பொழுதுபோக்கு இடத்தில் நுழைவதைத் தடுப்பதைக் குற்றமாக்கியிருக்கிறது.

ஆக, "நீ இந்தச் சாதி, ஏறாதே" என்று இன்று ஒருவர் சொன்னால் வழக்குப் போடலாம். அதனால்தான் யாரும் அப்படிச் சொல்வதில்லை. "ஆளுக்கு 50 ரூபாய், பத்து நிமிஷம்" என்று சொன்னால் போதும். அடுக்குமாடி வளாகமாக இருந்தால் "வெளியாட்களுக்கு அனுமதி இல்லை" என்ற பலகை போதும். அங்கே பிறந்தநாள் விழாவுக்கு வாடகைச் சறுக்குமரம் வரும்போது, வீட்டு வேலை செய்யும் அக்காவின் மகள் படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த வளாகத்தில் யாரிடம் கேட்டாலும் "நாங்க சாதியெல்லாம் பாக்குறதில்ல" என்பார்கள். பார்க்கத் தேவையில்லாதபடி கேட் பார்த்துக்கொள்கிறது.

இது வர்க்கப் பிரச்சினைதானே தோழர், காசில்லாத எந்தச் சாதிப் பிள்ளையும் ஏற முடியாதே என்று கேட்பீர்கள். உண்மைதான். ஆனால் சென்னையில் காசில்லாமல் இருப்பவர்கள் யார், நகரத்தின் விளிம்புக்குத் தள்ளப்பட்டவர்கள் யார் என்று அடுத்த கேள்வியையும் கேளுங்கள். குடிசைப் பகுதிகளில் தலித் மக்களின் பங்கு, நகர மக்கள்தொகையில் அவர்களுடைய பங்கைவிட அதிகம். 2000இலிருந்து கண்ணகி நகருக்கும் பிறகு பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய்க் கொட்டப்பட்டவர்கள், நகரத்தின் நடுவே கடலும் மைதானமும் நடக்கும் தூரத்தில் இருந்த குடும்பங்கள். கட்டணம் எல்லோருக்கும் ஒன்றுதான். அந்தக் கட்டணம் யார் முகத்தில் போய் அறைகிறது என்பது ஒன்றல்ல. ஜாக்சன் நகரக் குளமும் எல்லோருக்கும் சேர்த்துத்தான் மூடப்பட்டது.

அண்மை உதாரணம் ஒன்று. 2024 அக்டோபரில் சென்னை மாநகராட்சி மன்றம் ஒன்பது செயற்கைப் புல் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் கொடுக்கத் தீர்மானம் போட்டது. விளையாட ஒருவருக்கு மணிக்கு 120 ரூபாய். வட சென்னையில் கால்பந்து யாருடைய விளையாட்டு என்பது வியாசர்பாடியை அறிந்தவர்களுக்குத் தெரியும். எதிர்ப்பு கிளம்பியது, மறுநாளே அதைத் திரும்பப் பெற்றார்கள். நல்லது. அதே மாதம் கதீட்ரல் சாலையில், அரசு சட்டப் போராட்டம் நடத்தி மீட்ட நிலத்தில் கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா திறக்கப்பட்டது. நுழைவுக் கட்டணம் பெரியவர்களுக்கு 100 ரூபாய், சிறுவர்களுக்கு 50. உள்ளே போனபின் ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனிச் சீட்டு. இதற்கு அப்படி ஓர் எதிர்ப்பு வரவில்லை. மீட்ட நிலம் பொது நிலம், அதன் வாசலில் இரண்டு பிள்ளைகளும் பெற்றோரும் நின்றால் 300 ரூபாய். சமூகநீதி பேசும் ஆட்சியில் இந்தக் கணக்கு யாரையும் உறுத்தவில்லை என்பது எனக்கு உறுத்துகிறது.

இலவசப் பூங்காக்கள் இருக்கின்றனவே என்றால், இருக்கின்றன. எட்டு வடிவ நடைபாதை போட்டு, நடைப்பயிற்சிக்காரர்களின் சங்கம் வைத்து, பந்தோடு வரும் பையனைக் காவலாளி துரத்தும் பூங்காக்கள். குழந்தைகள் சத்தம் போடுவதைப் பற்றிப் புகார் வரும் குழந்தைகள் பூங்காவையும் பார்த்திருக்கிறேன்.

இனி சறுக்குமரத்துக்கே வருகிறேன். மறுகுடியமர்வுக் குடியிருப்புகளுக்கு அது வருவது பெரும்பாலும் ஆடி மாதத்திலும் மாதா கோயில் திருவிழாவிலும்தான். அங்கே 20 ரூபாய்க்குக்கூட ஏற்றுவார்கள். நேரத்துக்குக் கறாராக விசிலடிக்க மாட்டார்கள். அங்கேதான் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பெண் பிள்ளைகள் தம்பி தங்கையை ஏற்றும் சாக்கில் தாங்களும் ஏறிச் சறுக்குவதைப் பார்த்தேன். வயதுக்கு வந்தபின் ஓடாதே, குதிக்காதே என்று நிறுத்தப்பட்டவர்கள். துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு நாலு முறை, ஐந்து முறை ஏறினார்கள். என் ஆய்வுக் குறிப்பேட்டில் அன்றைக்கு வேறு எதுவும் எழுதவில்லை.

மலிவாக வருவதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. 2021 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் பள்ளி விழா ஒன்றில் காற்றடைத்த குதிமேடையைக் காற்று தூக்கியதில் ஆறு குழந்தைகள் இறந்தார்கள். பிரிட்டனில் காற்றின் வேகம் மணிக்கு 38 கிலோமீட்டரைத் தாண்டினால் பிள்ளைகளை இறக்கிவிட வேண்டும் என்பது விதி. நம் பிள்ளைகள் ஏறும் சறுக்குமரத்தின் கயிறு எதில் கட்டியிருக்கிறது என்று போய்ப் பாருங்கள். நான் பார்த்தவரை செங்கல்லில், மணல் மூட்டையில், சில இடங்களில் பக்கத்துத் தள்ளுவண்டியில். அதைக் காவல் காக்கும் இளைஞர் இரவு அந்த மோட்டார் பக்கத்திலேயே படுத்துக்கொள்வார். அவருக்கு மோட்டாரைப் போடவும் நிறுத்தவும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், காற்றை அளக்க யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஆணவக் கொலையும் மலக்குழி மரணமும் நடக்கும் நாட்டில் பலூன் சறுக்கு பற்றிப் பேச வேண்டுமா என்று சில மூத்த தோழர்கள் கேட்டார்கள். கலந்து தொட்டு விளையாடாத பிள்ளைகள்தான் வளர்ந்து, காதலித்தவர்களைப் பிரிக்கும் குடும்பங்களாகிறார்கள் என்று பதில் சொல்லலாம். அப்படிச் சொல்வதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. ஒன்றாகச் சறுக்கினால் சாதி போய்விடும் என்று எந்த ஆய்வையும் என்னால் காட்ட முடியாது. பத்து நிமிடம் கழித்து ஒருவன் காரில் ஏறுவான், இன்னொருவன் 102ஆம் நம்பர் பஸ்ஸுக்கு ஓடுவான். என் வாதம் அதைவிட எளிமையானது. நம் பிள்ளைகள் சறுக்கிச் சிரிப்பது வேறொரு பெரிய விடுதலைக்குக் கருவியாக இருக்க வேண்டிய அவசியமில்லை. அது அவர்களுடையது, பாதுகாப்பாகவும் இலவசமாகவும் கிடைக்க வேண்டும்.

செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. 2022இலிருந்து நகர்ப்புறங்களில் வார்டு குழுவும் பகுதி சபையும் சட்டப்படி உண்டு. குடிநீர், தெருவிளக்கு, கழிவுநீர் என்று மனு எழுதும்போது ஆறாவது ஏழாவது கோரிக்கையாக இதையும் எழுதுங்கள். மண்டலத்துக்கு ஒரு காற்றடைத்த சறுக்குமரத்தை மாநகராட்சியே வாங்கட்டும். வாரம் ஒரு பூங்காவுக்குப் போகட்டும், கண்ணகி நகருக்கும் போகட்டும், அண்ணா நகருக்கும் போகட்டும். சீட்டு வேண்டாம். தரையில் முளையடித்துக் கட்டவும் காற்றை அளக்கவும் பயிற்சி பெற்ற இருவருக்கு முறையான சம்பளம் கொடுக்கட்டும். இரண்டு ஏரியாவுக்கும் நடுவில் இருக்கும் பூங்காவாகப் பார்த்து நிறுத்தச் சொல்லுங்கள், ஒரு ஏரியாவின் உள்ளே வேண்டாம். மோட்டாருக்கு வேண்டிய மின் இணைப்பு விளக்குக் கம்பத்திலேயே இருக்கிறது.

மாதிரி மனு ஒன்று எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். திருத்தம் இருந்தால் இப்போதே சொல்லுங்கள், பேசுவோம்.