அதிமதுரமும் இரைப்பைப் புண்ணும்

என் தமக்கையார் வயிற்றெரிவு தணிவதற்காக நாள்தோறும் அதிமதுரக் கஷாயம் அருந்தி வந்தார். எரிவு தணிந்தது, வீட்டார் யாவரும் மகிழ்ந்தோம். இரண்டு மாதஞ் செல்ல அவருடைய கால்கள் வீங்கின, குருதியமுக்கம் உயர்ந்தது. "வேர்தானே, அது என்ன தீங்கு செய்யும்?" என்று அவருக்கு ஊக்கமளித்தவன் நானே. ஆதலால், அவ்வேரைச் சோதித்தவர்களின் வரலாற்றைத் தேடிப் படிக்கலானேன்.

1940களில் ஒல்லாந்து தேசத்து ஈரன்வீன் என்னும் ஊரிலே றெவேர்ஸ் என்றொரு வைத்தியர் இருந்தார். அவ்வூர் மருந்து வணிகர் ஒருவர் விற்ற அதிமதுரச் சாறு வயிற்றுப் புண்ணாளருக்குச் சுகமளிப்பதை அவர் கண்டார். வேறொருவராயின் நகைத்து அகன்றிருப்பர். அவரோ தம் நோயாளருக்கு அதனைக் கொடுத்து அவதானித்தார். புண்கள் ஆறின. ஆனால், ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு முகமும் கைகால்களும் வீங்கின. நன்மையை எழுதிய அவர் இத்தீமையையும் மறைத்தாரில்லை.

புண் ஆறியதெனின், மருந்தினால்தான் ஆறியதென்று துணியலாமா? இரைப்பைப் புண் சிலருக்குத் தானாகவே ஆறிவிடும். எனவே, ஒரு சாராருக்கு மருந்தும், மற்றொரு சாராருக்கு வெறும் மாத்திரையும் கொடுத்து ஒப்பிடுதல் வேண்டும். அதிமதுரத்திலிருந்து ஆக்கப்பெற்ற காபெனொக்சலோன் என்னும் மருந்தை 1962இல் றிச்சாட் டொல் என்பாரும் அவர்தம் குழுவினரும் இலண்டனில் இம்முறையாற் சோதித்தனர். புகைத்தலுக்கும் நுரையீரற் புற்றுநோய்க்குமுள்ள தொடர்பை நிறுவிய அதே டொல்தான். இரைப்பைப் புண் விரைந்து ஆறியது. முன்சிறுகுடற் புண்ணுக்குப் பயனில்லை. வீக்கமோ இம்மருந்தையும் விட்டபாடில்லை. வேரிலுள்ள இனிப்புப் பொருளே உடலில் உப்பையும் நீரையும் தேக்கிப் பொற்றாசியத்தைக் குறைக்கின்றது என்பது பின்னர் தெளிவாயிற்று.

இக்காலத்தில் மூலிகைகளை முதலில் எலிகளிலேயே சோதிக்கின்றனர். பட்டினியிட்ட எலிகளுள் ஒரு கூட்டத்திற்கு மூலிகைச் சாறும், ஒன்றிற்கு வெறும் நீரும், இன்னொன்றிற்கு அறியப்பட்ட மருந்தும் புகட்டுவர். பின்னர் எல்லாவற்றிற்கும் மதுசாரத்தைக் கொடுத்து, இரைப்பையைத் திறந்து புண்களை அளப்பர். நம் வல்லாரையும் இவ்வாறு சோதிக்கப்பட்டு, எலிகளின் புண்ணைக் குறைத்தது. மகிழத்தக்க செய்திதான். ஆனால், மதுசாரம் சில மணி நேரத்தில் விளைக்கும் புண் வேறு. மனிதரைப் பல ஆண்டுகள் வருத்தும் புண் வேறு. பின்னையதற்குப் பெரும்பாலும் எலிகோபற்றர் என்னும் பற்றீரியாவே காரணமென 1982இல் வொறன், மாசல் என்னும் அவுஸ்திரேலியர் இருவர் கண்டறிந்து, 2005இல் நோபெல் பரிசும் பெற்றனர். மேலும், அன்றே இறக்கும் எலிக்குக் கால் வீங்குமா என்று பார்க்க நேரமேது?

தமக்கையார் கஷாயத்தைப்பற்றி வைத்தியரிடம் வாய் திறக்கவேயில்லை. அது மருந்தென்று அவர் எண்ணவில்லை. மூன்றாம் முறை உடன் சென்ற நான்தான் கூறினேன். நிறுத்திய சில வாரங்களில் வீக்கம் வடிந்தது. எரிவு மீண்டது. பரிசோதனையில் அந்தப் பற்றீரியா இருப்பது தெரிந்தது. பதினான்கு நாள் மருந்துண்டு சுகமானார். எஞ்சிய வேர்த்துண்டுகள் எங்கள் வீட்டுப் போத்தலில் இன்னும் உள்ளன. தொண்டை கட்டும் நாளில் நான் ஒரு சிறு துண்டை வாயிலிட்டுக் கொள்வதுண்டு. தமக்கையார் அதனைத் தொடுவதில்லை.