மாமாவுக்குக் கிடைச்ச ஸ்டார்

யானைக்கவுனியிலேர்ந்து உங்க நண்பன் பேசுறேன். இந்த எபிசோட்ல கோடிங் இல்ல, ஏஐ இல்ல. அட்டை, கத்தரிக்கோல், பசை பத்திப் பேசப் போறோம்.

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, ராத்திரி ஒன்பது மணி. ராயபுரத்துலேர்ந்து அக்கா போன். "டேய், நாளைக்கு பாப்பா கிளாஸ்ல டிரான்ஸ்போர்ட் தீமாம். ஆளுக்கு ஒரு வண்டி செஞ்சு எடுத்துட்டு வரணுமாம். வாட்ஸ்அப் குரூப்பை இப்பத்தான் பார்த்தேன். கொஞ்சம் வாடா." பாப்பா எல்கேஜி. ஆண்டர்சன் தெரு பேப்பர் கடை எல்லாம் மூடியிருக்கும். வீட்டுல கிடந்த ஆன்லைன் ஆர்டர் அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கிட்டு பைக்கை எடுத்தேன்.

ராயபுரத்துல ரயிலை விட்டா வேற என்ன செய்யறது? தென்னிந்தியாவோட முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-ஆம் தேதி அங்கேர்ந்துதானே கிளம்புச்சு! எஞ்சின், மூணு பெட்டி, புகைக்குப் பஞ்சு. முடிக்கும்போது மணி பதினொன்றரை.

நான் வெட்டி ஒட்டிக்கிட்டு இருந்தப்போ, பாப்பா பக்கத்துல உட்கார்ந்து ரெண்டு தீப்பெட்டியை ஒண்ணா ஒட்டியிருந்தா. "மாமா, இது கன்டெய்னர் லாரி." அவங்க மொட்டை மாடியிலேர்ந்து பார்த்தா துறைமுகத்துக்குப் போற லாரி வரிசை தெரியும். ஆனா சக்கரம் ஒரு பக்கம் மட்டும்தான் இருந்துச்சு. ஏன்னு கேட்டேன். "அந்தப் பக்கம் தெரியாதே மாமா!" நான் சிரிச்சுட்டு, "சூப்பர்டா. ஆனா நாளைக்கு ரயிலையே எடுத்துட்டுப் போ"ன்னு சொல்லிட்டேன்.

ரயிலுக்கு ஸ்டார் கிடைச்சுது. மிஸ் "யார் செஞ்சது?"ன்னு கேட்டதுக்கு, "மாமா"ன்னு உண்மையைச் சொல்லியிருக்கா. சாயங்காலம் நான் போனதும் அந்த ஸ்டார் ஸ்டிக்கரை எடுத்து என் சட்டையில ஒட்டிட்டா. அப்பத்தான் எனக்கு உறைச்சுது. காலேஜ்ல அடுத்தவன் அசைன்மென்ட்டைக் காப்பியடிச்சு மார்க் வாங்கின மாதிரிதானே இது? அவளுக்கு அதுல எதுவுமே கிடைக்கல.

கிராஃப்ட் எதுக்கு? பெரியவங்க மணிக்கட்டுல எட்டு சின்ன எலும்பு இருக்கு. பிறக்கும்போது அது முழுக்கக் குருத்தெலும்புதான். வருஷக்கணக்கா ஒண்ணொண்ணா எலும்பா மாறும். அந்தப் பிஞ்சுக் கையில பென்சிலைத் திணிச்சு 'அ' எழுதுன்னா வலிக்கத்தான் செய்யும். பேப்பரைக் கிழிக்கிறது, கசக்கி உருண்டை பிடிக்கிறது, மணி கோக்கிறது, மாவு பிசையறது — எழுதறதுக்கு முன்னாடி விரலுக்கு வேண்டிய பயிற்சியே இதுதான்.

இது புதுசும் இல்ல. கை வழியாத்தான் குழந்தையோட அறிவு வளருதுன்னு சொன்ன மரியா மாண்டிசோரி, 1939-ல நம்ம அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தாங்க. அங்கன்வாடிகளை நடத்துற ஐசிடிஎஸ் திட்டம் 1975 அக்டோபர் 2-ல ஆரம்பிச்சுது. தமிழ்நாட்டு அங்கன்வாடிப் பாடத்திட்டத்தோட பேரே 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா'. அதுலயும் தீம் உண்டு. பழம், விலங்கு, வண்டின்னு ஒரு தீம் எடுத்தா பாட்டு, கதை, கைவேலை எல்லாம் அதைச் சுத்தியே வரும். ஒரே விஷயத்தைக் காதால கேட்டு, வாயால பாடி, கையால செஞ்சா மனசுல நிக்கும். தீமோட பலனே அதுதான். நாம அதை ராத்திரியோட ராத்திரியா பெத்தவங்களுக்கு ஹோம்வொர்க் ஆக்கிட்டோம்.

டீச்சர்ஸ் யாராச்சும் கேட்டுக்கிட்டு இருந்தா ஒரே ஒரு வேண்டுகோள். கிராஃப்ட்டை கிளாஸ்லயே செய்ய விடுங்க. பழைய நியூஸ்பேப்பர், காஞ்ச இலை, தீப்பெட்டி, மைதா பசை, முனை மழுங்கின கத்தரிக்கோல் போதும். முப்பது பேரும் ஒரே மாதிரி ஒரு ரயில் செய்யணும்னு இல்ல. காசிமேட்டுப் பிள்ளை படகு செய்யட்டும், துறைமுகத்துப் பக்கத்துப் பிள்ளை கிரேன் செய்யட்டும்.

வீட்டுல இருக்கிற நமக்கு: கோணலா இருக்கேன்னு சரி பண்ணப் போகாதீங்க. "இது என்ன, சொல்லு"ன்னு கேளுங்க. பின்னாடி தேதியை மட்டும் எழுதி வைங்க. ஆறு மாசம் கழிச்சுப் பார்த்தா வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

ரயில் ஒரே வாரத்துல நசுங்கிப் போச்சு. தீப்பெட்டி லாரியை நான் கேட்டு வாங்கிட்டு வந்தேன்; இப்ப என் மானிட்டர் பக்கத்துல நிக்குது. சக்கரம் இன்னும் ஒரு பக்கம்தான். நான் கை வைக்கல.

உங்க வீட்டு வாண்டுகள் என்ன செஞ்சாங்கன்னு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம் மக்களே!