'அப்புறம்' எங்கே, 'அதனால' எங்கே?

தொடக்கம், சிக்கல், உச்சம், முடிவு. கதைன்னா இந்த நாலும் வேணும்னு எல்லாருக்கும் தெரியும். இந்த நாலும் இருந்தும் ஒரு கதை ஏன் நிக்கமாட்டேங்குது? இன்னிக்கு அதைப் பத்திப் பேசலாம்.

எங்க அப்பா மளிகைக் கடை வெச்சிருந்தார். அந்தக் கடையை மூடினதைப் பத்தி ஒரு கதை எழுதினேன். கடன் நோட்டு, தராசு, கடைசி நாள் ஷட்டரை இறக்கினது, எல்லாமே உண்மை. படிச்ச நண்பன், "வரிசையா என்னென்னவோ நடக்குதுடா, அவ்வளவுதான்"னு சொல்லிட்டான். கோபம் வந்துச்சு. நடந்ததைத்தானே எழுதினேன்?

அப்போதான் சிலப்பதிகாரத்தைத் திரும்ப எடுத்தேன். பரீட்சைக்குப் படிச்சதை மறந்துட்டு, கதையா மட்டும் பாருங்க. கோவலன் செல்வத்தைத் தொலைச்சுட்டான். அதனால கண்ணகியோட சிலம்பை விற்க மதுரைக்கு வர்றான். அங்கே அவன் சந்திக்கிற பொற்கொல்லன், அரசியோட சிலம்பை ஏற்கெனவே திருடினவன். அதனால பழியைக் கோவலன் மேல போடறான். பாண்டியன் அந்த நேரம் ஊடல்ல இருக்கிற அரசியைச் சமாதானப்படுத்தப் போயிட்டிருக்கான். அதனால தீர விசாரிக்கல. கோவலன் கொல்லப்படறான்.

எத்தனை 'அதனால' பாருங்க.

பொற்கொல்லனைச் சந்திக்கிறது தற்செயல்தானேன்னு நீங்க கேட்கலாம். ஆமா. ஆனா அந்தத் தற்செயல் சிக்கலைத்தான் உண்டாக்குது, தீர்க்கல. நியாயத்தைக் கண்ணகியேதான் அரசவைக்குப் போய் வாங்குறா. அரசியோட சிலம்புல முத்து, இவளோட சிலம்புல மாணிக்கம். உடைச்சுக் காட்டுறா. சிலம்பை விற்கக் கிளம்பின நாள்லயிருந்தே அந்தச் சாட்சி சிலம்புக்குள்ளதான் இருந்துச்சு.

இதுக்கப்புறம் என் கதையை எடுத்து, ஒவ்வொரு காட்சிக்கு நடுவுலயும் பென்சில்ல எழுதிப் பார்த்தேன்: இங்கே வர்றது 'அப்புறமா', 'அதனாலயா'? முக்கால்வாசி இடத்துல 'அப்புறம்'தான். ஒரு இடத்துல கை நின்னுடுச்சு. "அப்பா கடையை மூடினார். அப்புறம் நான் இன்ஜினியரிங் சேர்ந்தேன்"னு எழுதியிருந்தேன்.

உண்மை வேற. எனக்கு சீட் கிடைச்சுது. அதனால அப்பா கடையை வித்தார். முதல் வருஷ ஃபீஸ் அந்தப் பணம்தான்.

எனக்குத் தெரியாத விஷயம் இல்ல. அதைப் பார்க்க வேண்டாம்னுதான் வரிசையை மாத்தி, நடுவுல ஒரு 'அப்புறம்' போட்டு மறைச்சிருக்கேன். கதை அங்கேதான் செத்துப்போயிருந்துச்சு. திரும்ப எழுதி அப்பாகிட்ட படிச்சுக் காட்டினேன். ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லல. அப்புறம், "தராசை மட்டும் விக்கலடா, பரண்ல இருக்கு"ன்னார்.

உங்க டிராஃப்ட்டை எடுங்க, பென்சிலை எடுங்க. 'அப்புறம்' வர்ற இடத்துல எல்லாம் கொஞ்சம் நில்லுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.