முளைக்குச்சி அடிக்கும் கட்டளை



நெகிரி செம்பிலானில் ரந்தாவ், சிலியாவ், லிங்கி, பகாவ் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு மறுநடவு நினைவிருக்கும். பழைய பால்மரங்களைச் சாய்த்து நிலத்தைச் சுத்தம் செய்ததும் யாரும் கன்றைத் தூக்கிக்கொண்டு ஓடுவதில்லை. முதலில் கயிறு பிடிப்பார்கள். அளந்து அளந்து முளைக்குச்சி அடிப்பார்கள். நிரை எது, பாதை எது என்பது அந்தக் குச்சிகளிலேயே தெரிந்துவிடும். கன்று பிறகுதான் வரும். பால் வெட்ட இன்னும் ஐந்தாறு ஆண்டு. நிரை கோணலாகிவிட்டால், மரம் நிற்கிற காலமெல்லாம் வெட்டுக்காரர்தான் கோணலாக நடக்க வேண்டும்.

கைப்பேசிச் செயலி எழுதுகிறவர்களுக்கும் இப்படி முளைக்குச்சி அடித்துக் கொடுக்க ஒரு கருவி உண்டு. பெயர்தான் கொஞ்சம் நீளம்: கிரியேட் ரியாக்ட் நேட்டிவ் லைப்ரரி.

ஒரே செயலி ஐபோனிலும் ஓட வேண்டும், ஆண்ட்ராய்டிலும் ஓட வேண்டும். தலைவலி அங்கேதான் ஆரம்பம். இரண்டுக்கும் மொழி வேறு, பழக்கவழக்கம் வேறு. இந்தத் தலைவலியை முன்பே அனுபவித்தவர் முத்து நெடுமாறன். 1985இல் முரசு மென்பொருளைத் தொடங்கிய மலேசியத் தமிழர் அவர்; ஆப்பிள் கணினிகளில் வரும் இணைமதி எழுத்துருவும் அவர் வடித்ததுதான். அவருடைய செல்லினம் செயலி 2005 பொங்கலையொட்டி, சிங்கப்பூரின் ஒலி 96.8 வானொலியோடு சேர்ந்து அறிமுகமானது. கைப்பேசியில் தமிழில் குறுஞ்செய்தி அனுப்பலாம் என்பதே அன்று பெரிய செய்தி. பிறகு ஐபோன் வந்தது, ஆண்ட்ராய்டு வந்தது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வேலை.

அந்த இரட்டை வேலையைக் குறைக்கத்தான் 2015இல் ஃபேஸ்புக் நிறுவனம் ரியாக்ட் நேட்டிவைப் பொதுவில் விட்டது. பெரும்பகுதியை ஜாவாஸ்கிரிப்டில் ஒருமுறை எழுதினால் இரண்டு வகைக் கைப்பேசியிலும் ஓடும். பல செயலிகளுக்கும் தேவைப்படுகிற ஒரு வேலையை மட்டும் தனியே எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி வைத்தால் அதற்குப் பெயர் லைப்ரரி. புத்தகம் இரவல் வாங்குகிற நூலகம் இல்லை. ஆனால் இரவல் என்னவோ இரவல்தான்.

கருவியைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். படம், பொத்தான் எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் ஒற்றை வரி தட்டச்சு செய்து என்டர் தட்ட வேண்டும், அவ்வளவுதான். உடனே தோட்டத்துக் காலைப் பெரட்டில் கிராணி பேர் கேட்கிற மாதிரி கேள்விகள் வரிசையாக வரும். லைப்ரரியின் பெயர் என்ன? எதற்காக? எழுதியவர் யார்? மின்னஞ்சல்? வெறும் ஜாவாஸ்கிரிப்டா, கைப்பேசியின் உள்ளுறுப்புகளைத் தொடும் நேட்டிவ் வகையா? பதில் சொல்லி முடித்தால் அடைவுகள் தயார். நேட்டிவ் என்றால் ஆண்ட்ராய்டுக்கு ஒன்று, ஐபோனுக்கு ஒன்று. பொது நிரலுக்கு ஒன்று. உரிமக் கோப்பு, சோதனைக்கான ஏற்பாடு. கூடவே ‘எக்ஸாம்பிள்’ என்று ஒரு மாதிரிச் செயலி. கருவியின் உயிரே இதில்தான் இருக்கிறது. லைப்ரரியின் ஜாவாஸ்கிரிப்டில் ஒரு வரியை மாற்றினால் மாதிரிச் செயலியில் உடனே பார்த்துவிடலாம். ஓடுகிறதா இல்லையா என்று ஊகிக்க வேண்டியதில்லை.

சரி, கன்று எங்கே? அதை, அதாவது லைப்ரரி செய்ய வேண்டிய வேலையை, நாம்தான் கொண்டுவர வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு.

‘நெகிரி’ என்று எழுதிப் பாருங்கள். தமிழ்ப்பள்ளி முதலாம் ஆண்டுப் பிள்ளைகூட மூன்று எழுத்து என்று சொல்லும். ஜாவாஸ்கிரிப்டைக் கேட்டால் ஆறு என்கிறது. யூனிகோடு முறையில் அகரம் தவிர்த்த உயிர்மெய் எழுத்து ஒவ்வொன்றும் அடிப்படை உரு ஒன்று, கொம்பு, விசிறி போன்ற குறி ஒன்று எனப் பிரிந்து கிடக்கிறது; மெய்யெழுத்தில் புள்ளியும் தனி. இயந்திரம் துண்டுகளை எண்ணுகிறது. ‘செம்பிலான்’ நமக்கு ஐந்து, அதற்குப் பத்து. எழுத்து விளையாட்டோ சொற்புதிரோ எழுதுகிற எவருக்கும் இந்தக் கணக்கு தப்பும். பைத்தான் மொழியில் எழுதுகிறவர்களுக்கு ‘ஓப்பன் தமிழ்’ என்ற லைப்ரரி சொல்லை எழுத்தெழுத்தாகச் சரியாகப் பிரித்துத் தருகிறது. கைப்பேசிச் செயலிக்கும் அப்படியொன்றை எழுத, இந்தக் கருவி அடித்து வைத்த முளைக்குச்சி போதும். எண்ணும் நிரல் ஒரு பக்கம்கூட வராது.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். ஐபோனுக்கென்று நேட்டிவ் நிரல் எழுதினால் அதைக் கட்டிப் பார்க்க மேக் கணினி வேண்டும். தோட்டத்து லயத்தை விட்டுச் சிரம்பானிலோ நீலாயிலோ மலிவு வீட்டுக்குக் குடிபெயர்ந்த குடும்பத்துப் பிள்ளையிடம் அது எங்கே இருக்கும்? ஆனால் எழுத்து எண்ணும் வேலைக்கு ஜாவாஸ்கிரிப்ட் வகையே போதும். சாதாரண மடிக்கணினி, இணையம், இலவசமாகக் கிடைக்கும் நோட் ஜேஎஸ் என்ற மென்பொருள் இருந்தால் சரி. கருவிக்கும் காசில்லை.

கணினி படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் இந்த வாரக் கடைசியில் ஒருமுறை ஓடவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். லைப்ரரியின் பெயரை ஆங்கிலச் சிற்றெழுத்தில்தான் தர முடியும். தமிழைக் கொடுத்தால் ஏற்காது. எதற்காக என்று கேட்கிற அடுத்த கேள்விக்குத் தமிழிலேயே பதில் எழுதலாம்.